பழைய சாமானை இணையத்தில் விற்கிறவர் பணம் பெறும் முறை

சேலையூரிலும் அதனை அடுத்த இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், கிழக்குத் தாம்பரம் ஆகிய இடங்களிலும் பள்ளிக்கூட வருஷம் முடிகிற ஏப்ரல், மே மாதங்களில், மாற்றல் உத்தரவு கைக்கு வந்துவிட்ட விமானப்படைக் குடும்பங்களும், படிப்பை முடித்துக்கொண்டு ஊர் திரும்புகிற கல்லூரி மாணவர்களும், வாடகை கட்டுப்படியாகாமல் இன்னும் தெற்கே வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் குடிபெயர்கிற குடித்தனக்காரர்களும், கூட எடுத்துச் செல்ல இயலாத கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் முதலிய சாமான்களை வந்த விலைக்கு விற்றுவிட முற்படுவது வழக்கம். முன்பெல்லாம் இவை பழைய சாமான் கடைக்காரரிடம் அவர் சொன்ன விலைக்குப் போயின. இன்று ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்ற தளங்களில் படத்துடன் விளம்பரமாகி, அதைவிட நல்ல விலைக்குப் போகின்றன. லாபம் உண்மைதான். ஆனால் கடைக்காரர் ரூபாயை எண்ணிக் கையில் வைத்த பிறகே சாமானை வண்டியில் ஏற்றுவார். இணையத்தில் வருகிறவரோ முகம் தெரியாதவர், அவர் தருவதாகச் சொல்லும் பணமும் கண்ணுக்குத் தெரியாத பணம். அந்த இடைவெளியில்தான் மோசக்காரன் நுழைகிறான்.

படம் எடுப்பது, விலை வைப்பது ஆகியவற்றை முந்திய அத்தியாயத்தில் பார்த்தாயிற்று. இந்த அத்தியாயம் பணம் பெறுவதைப் பற்றி மட்டுமே பேசும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விதி

பணம் பெறுகிறவர், பெறுவதற்காகத் தம் போனில் செய்ய வேண்டிய காரியம் யாதொன்றும் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டவரை ஏமாற்றுவது மிகவும் கடினம். இதை மறந்தவருக்கு இந்த அத்தியாயத்தின் மற்றப் பக்கங்களால் பெரிய பிரயோஜனம் இராது.

2016ஆம் ஆண்டில் என்பிசிஐ எனப்படும் தேசியக் கொடுப்பனவுக் கழகம் அறிமுகம் செய்த யூபிஐ முறையில், நீங்கள் போனில் அழுத்தும் 4 அல்லது 6 இலக்க ரகசிய எண், அதாவது பின் நம்பர், உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதற்கும், கணக்கில் இருக்கும் தொகையை நீங்கள் பார்த்துக்கொள்வதற்குமே உரியது. உள்ளே வருகிற பணத்துக்கு அது தேவையே இல்லை. க்யூஆர் கோடும் அப்படியே: கோட்டை ஸ்கேன் செய்கிறவர் கொடுக்கிறவர், கோட்டைக் காட்டுகிறவர் வாங்குகிறவர். மணியார்டர் கொண்டுவந்த தபால்காரரிடம் நம் பாட்டனார் கையெழுத்துப் போட்டு ரூபாயை வாங்கிக்கொண்டாரேயன்றி, “பணத்தை உள்ளே வைக்க வேண்டும், பெட்டிச் சாவியைக் கொடுங்கள்” என்று எந்தத் தபால்காரரும் அவரைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தெருவே கூடியிருக்கும். ரகசிய எண்ணைக் கேட்கிறவன் கேட்பது அந்தச் சாவியைத்தான்.

முன்பு “பணம் கோருதல்” என்றொரு வசதி யூபிஐ செயலிகளில் இருந்தது. விற்கிறவருக்குப் பணம் அனுப்புவதற்குப் பதிலாக அவரிடமே பணம் கோரும் செய்தியை அனுப்பி, “ஒப்புக்கொள்ளுங்கள், பணம் வந்துவிடும்” என்று மோசக்காரர்கள் நம்பவைத்தார்கள். அந்த அக்கிரமம் அளவு கடந்து போகவே, தனிநபர் ஒருவர் இன்னொரு தனிநபரிடம் இவ்வாறு கோருவதை 2025 அக்டோபர் 1 முதல் கழகம் நிறுத்திவிட்டது. வியாபாரிகளின் கணக்குகளுக்கு அப்போது அந்தத் தடை இல்லை. ஆகவே கதவு ஒன்று சாத்தப்பட்டதே தவிர வீடு முழுவதும் பத்திரமாகிவிட்டதாக எண்ணலாகாது. க்யூஆர் கோடும், வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கும், போலிச் செய்தியும் அப்படியே இருக்கின்றன.

விளம்பரம் இடுவதற்கு முன்

1. சம்பளமோ பென்ஷனோ வருகிற கணக்கை விற்பனைக்குப் பயன்படுத்த வேண்டாம். சொற்ப இருப்புள்ள வேறொரு சேமிப்புக் கணக்கை மட்டும் யூபிஐயில் இணைத்து, பணத்தை அதில் வாங்குங்கள். ஏமாந்தாலும் போவது அந்தச் சொற்பமே.

2. பல வங்கிகளின் செயலிகளில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் வெளியே போகலாம் என்று வரம்பு வைக்க முடியும். விற்பனை முடியும் வரை அதைக் குறைத்து வையுங்கள்.

3. விளம்பரத்திலேயே “நேரில் வந்து பார்த்து, பணம் கொடுத்து எடுத்துச் செல்லவும்” என்று எழுதிவிடுங்கள். இந்த ஒரு வரி சில அழைப்புகளை வராமலே தடுத்துவிடும்.

4. வீட்டு எண், தெருப் பெயர் வேண்டாம். “சேலையூர், கேம்ப் ரோடு அருகில்” என்பது போதும். படத்தின் பின்னணியில் மின்சார அட்டையோ, பெயர்ப்பலகையோ, வண்டியின் ஆர்சி புத்தகமோ தெரியாமல் பாருங்கள்.

5. போனை எடுக்கக்கூடிய வீட்டுப் பெரியவர்களிடம், “ஃபிரிட்ஜுக்காக யார் பேசினாலும் நேரில் வரச் சொல்லுங்கள், வேறு எதற்கும் சரி என்று சொல்லாதீர்கள்” என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். விளம்பரம் இடுகிறவர் மகன், பகலில் போன் எடுப்பவர் தாயார் என்று இருக்கும் வீடுகள்தான் மோசக்காரனுக்கு அனுகூலமானவை.

முதல் அழைப்பும் சிப்பாய் வேஷமும்

விளம்பரம் வெளியான அரைமணி நேரத்துக்குள் வருகிற முதல் அழைப்பை மிகுந்த ஜாக்கிரதையோடு கேளுங்கள். ஏனெனில் உண்மையில் பொருள் வேண்டியவர் பத்து விளம்பரங்களை ஒப்பிட்டுப் பார்த்து நிதானமாக வருவார். மோசக்காரனோ புதிய விளம்பரம் எப்போது வரும் என்று காத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். பெரும்பாலும் பேச்சு இப்படிப் போகும்:

“அம்மா, நான் தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன்ல இருக்கேன். ஃபிரிட்ஜ் போட்டோ பார்த்தேன், எனக்கு ஓகே. நீங்க போட்ட 9,000 ரூபாயே கொடுத்துடறேன். ட்யூட்டியில இருக்கறதால வெளியே வர முடியாது, சாயங்காலம் ஆள் அனுப்பி எடுத்துக்கறேன். பணத்தை மட்டும் இப்பவே போட்டுடறேன், நீங்க வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க.”

இதே வேஷம் ஊருக்கேற்ப மாறும். மீனம்பாக்கம் பக்கம் என்றால் விமான நிலையத்தைக் காக்கும் தொழிற்பாதுகாப்புப் படையில் இருப்பதாகச் சொல்வான், பரங்கிமலை என்றால் அங்குள்ள ராணுவப் பயிற்சி நிலையத்தின் பெயரைச் சொல்வான். உடனே சீருடையோடு ஒரு படமும், அடையாள அட்டையின் படமும் வாட்ஸ்அப்பில் வந்து சேரும். ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டில் பொதுமக்களுக்காக வெளியிட்ட எச்சரிக்கை நூலிலும் இந்தப் பாதுகாப்புப் படை வேஷம் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. நம் பகுதியில் இது பலிப்பதற்குத் தனிக் காரணமும் உண்டு. விமானப்படையினர் இங்கே நம் அண்டை வீட்டுக்காரர்கள். கடையிலும் பள்ளிக்கூட வாசலிலும் அன்றாடம் காண்கிறவர்கள். அவர்கள்மேல் நமக்குள்ள மரியாதை இயல்பானது. அந்த மரியாதையைத்தான் அவன் கடன் வாங்கிக்கொள்கிறான். உண்மையான விமானப்படை வீரர் ஒருவருக்கு ஃபிரிட்ஜ் வேண்டுமானால், சாயங்காலம் மனைவியையும் அழைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து, கதவைத் திறந்து மூடிப் பார்த்து, “கம்ப்ரஸர் மாத்தினீங்களா?” என்று கேட்டு, 9,000 ரூபாயை 7,500க்கு இறக்கப் பார்ப்பார்.

அதுதான் முக்கியமான அடையாளம். நம் ஊரில் பழைய சாமானுக்குப் பேரம் பேசாமல் சொன்ன விலையைத் தருகிற மனிதர் உண்டா? பொருளைப் பார்க்காமல், விலையைக் குறைக்காமல், பணத்தை மட்டும் இப்போதே கொடுத்துத் தீருவேன் என்று அவசரப்படுகிற ஒருவன், பொருளை விரும்பி வந்தவனல்லன்.

அடுத்த கட்டத்தில் அவன் ஒரு ரூபாயோ பத்து ரூபாயோ அனுப்பி, “வந்துச்சான்னு பாருங்க” என்பான். அது உண்மையிலேயே வந்திருக்கும். நம்பிக்கை விதைக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகு, “இது மிலிட்டரி அக்கவுண்ட், இதுல முறையே வேற. ஒரு கோடு அனுப்பறேன், ஸ்கேன் பண்ணி உங்க பின் நம்பரைப் போடுங்க, பணம் ஏறிடும்” என்பான். இப்போது உங்கள் போன் திரையைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். மேலே யாரோ ஒருவரின் பெயர். அதன் கீழே 9,000 என்ற தொகை. அடியில் ‘பே’ என்ற பொத்தான். அதை அழுத்தினால் ரகசிய எண்ணுக்கான கட்டங்கள். இந்தப் பக்கத்தில் எங்கேனும் பெறுதல் என்ற சொல் இருக்கிறதா? இராது. செயலி உண்மையைத்தான் சொல்கிறது. காதில் ஒலிக்கும் குரல்தான் பொய் சொல்கிறது. கண்ணை நம்பாமல் காதை நம்பும்படி செய்வதற்காகவே அவன் அழைப்பைத் துண்டிக்கவிடாமல் பேசிக்கொண்டே இருக்கிறான்.

படித்தவர்கள், உலகம் தெரிந்தவர்கள் இதில் விழமாட்டார்கள் என்று எண்ணுவது வீண் கர்வம். 2021 பிப்ரவரியில், அன்றைய தில்லி முதலமைச்சரின் மகள் ஒரு சோபாவை இணையத்தில் விற்கப் போய், இதே முறையில் 34,000 ரூபாயை இழந்தார். முதலில் சிறு தொகை ஒன்று வந்தது. பிறகு வந்த கோட்டை ஸ்கேன் செய்ததும் 20,000 ரூபாய் போயிற்று. கேட்டபோது தவறு நேர்ந்துவிட்டது என்று சொல்லி மறுபடியும் செய்யவைத்ததில் இன்னும் 14,000 ரூபாய் போயிற்று. இரண்டாவது இழப்பைக் கவனியுங்கள். முதல் தொகை போனதும் மனம் பதறுகிறது. பதறிய மனத்துக்கு, “திருப்பித் தருகிறேன்” என்கிற அதே குரல்தான் ஒரே ஆதரவாகத் தோன்றுகிறது. இந்த மோசடியில் பெருந்தொகைகள் போவது இந்த இரண்டாம், மூன்றாம் முறைகளில்தான்.

பேசுகிறவன் எங்கே இருக்கிறான் என்பதும் தெரிந்திருப்பது நல்லது. இந்த வகைக் குற்றங்களுக்குப் பெயர்பெற்ற மேவாத் வட்டாரம் ஹரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநில எல்லைகளில் பரந்து கிடக்கிறது; 2023 ஏப்ரலில் ஹரியானாவின் நூஹ் மாவட்டத்தில் ஏறத்தாழ 5,000 போலீசார் 14 கிராமங்களை ஒரே இரவில் சோதனையிட்டார்கள். வேறு மாநிலங்களிலும் இத்தகைய கூட்டங்கள் உண்டு. தமிழ் பேசும் ஆட்களும் இப்போது இதில் இருக்கிறார்கள், ஆகையால் பேச்சின் வாடையை வைத்து மட்டும் தீர்மானிக்கக் கூடாது. ஆனால் எத்தனை சாமர்த்தியம் இருந்தாலும் அவனால் செய்ய முடியாத காரியம் ஒன்று உண்டு: மாலை ஆறு மணிக்குக் கேம்ப் ரோடு சந்திப்பில் வந்து நிற்பது. “நேரில் வாருங்கள்” என்ற இரண்டே சொற்களுக்கு அவனிடம் பதிலில்லை.

குறிப்பு: அழைத்தவர் கூரியருக்கு முன்பணம், பாஸ் கட்டணம், இன்ஷ்யூரன்ஸ் என்று எதைச் சொல்லி ஒரு ரூபாய் கேட்டாலும் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். விற்கிறவர் பணம் கொடுக்கும் வியாபாரம் உலகத்தில் இல்லை. எனிடெஸ்க் போன்ற, உங்கள் திரையைப் பிறர் காணும்படி செய்யும் செயலியையோ, வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும் ஏபிகே கோப்பையோ நிறுவச் சொன்னாலும் அப்படியே.

சாமான் கைமாறும் நாள்

வருகிறவர் உண்மையாகவே வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இப்போதும் வரிசை தவறலாகாது. தவறுகள் பெரும்பாலும் வரிசை மாறுவதால்தான் நேர்கின்றன.

1. பகல் வெளிச்சத்தில், வீட்டில் இன்னொருவர் இருக்கும் நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். போன், லேப்டாப், சைக்கிள் போன்று தூக்கிச் செல்லக்கூடிய சாமானானால் வீட்டுக்கு அழைக்காமல், ஆள் நடமாட்டமுள்ள கடை வாசலில் சந்திக்கலாம்.

2. பொருளை இயக்கிக் காட்டுங்கள். குறைகளை மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு வரும் தகராறுகள் பாதி இங்கேயே ஒழிந்துபோகும்.

3. விலையை முடிவு செய்யுங்கள். முடிந்த விலையை அவருடைய எண்ணுக்கு ஒரு செய்தியாக அனுப்பிவிடுங்கள்: என்ன பொருள், என்ன விலை, எந்தத் தேதி.

4. ரொக்கம் என்றால் அவர் எதிரிலேயே எண்ணுங்கள். 500 ரூபாய் நோட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

5. யூபிஐ என்றால் உங்கள் சொந்தக் கோட்டை, உங்கள் போனில், நீங்களே காட்டுங்கள். அவருடைய கோட்டை நீங்கள் ஸ்கேன் செய்ய வேண்டிய அவசியம் எந்தச் சந்தர்ப்பத்திலும் இல்லை.

6. அவர் அனுப்பியதும், உங்கள் வங்கியின் செயலியை நீங்களே திறந்து, கணக்குப் பட்டியலில் அந்தத் தொகை வரவாகியிருப்பதைக் கண்ணால் பாருங்கள். அனுப்பியவரின் பெயரையும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

7. இத்தனைக்கும் பிறகே சாமானை வண்டியில் ஏற்ற விடுங்கள். ஸ்கூட்டர் போன்ற வாகனமானால், சாவியையும் ஆர்சி புத்தகத்தையும் கொடுக்குமுன் உரிமை மாற்றத்துக்கான 29, 30ஆம் எண் படிவங்களில் இரு தரப்புக் கையெழுத்துகளையும் வாங்கிவிடுங்கள். பணம் வந்துவிட்டது, பெயர் மாறவில்லை என்றால், நாளை அந்த வண்டி செய்யும் விபத்துக்கு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

“நெட்வொர்க் மெதுவாயிருக்கிறது, பத்து நிமிஷத்தில் ஏறிவிடும், மினி லாரிக்காரர் காத்திருக்கிறார்” என்று சொல்லப்பட்டால், லாரிக்காரரும் பத்து நிமிஷம் காத்திருக்கட்டும். யூபிஐயும் ஐஎம்பிஎஸ்ஸும் சாதாரணமாக உடனுக்குடன் சேருகிறவை. நெஃப்ட் முறையில் அரைமணிக்கு ஒருமுறை தொகுதி தொகுதியாகத் தீர்வாவதால் சற்றுத் தாமதமாகலாம். 2019 டிசம்பரிலிருந்து அது இரவு, பகல், விடுமுறை என்ற பேதமின்றி நடக்கிறது, ஆகையால் “இன்று ஞாயிற்றுக்கிழமை, நாளைதான் ஏறும்” என்பது செல்லாத சமாதானம்.

காசோலையை இத்தகைய விற்பனையில் வாங்கவே வேண்டாம்.

போலித் திரையும் போலிச் செய்தியும்

நேரில் வருகிறவர்களிலும் மோசக்காரர் உண்டு. அவர்கள் நம்பியிருப்பது நம்முடைய சங்கோசத்தை. “சார், அனுப்பிட்டேன், பாருங்க” என்று தம் போனை நம் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். பச்சை நிறத்தில் பெரிய சரிக்குறி, நம் பெயர், சரியான தொகை, எல்லாம் இருக்கும். நிஜச் செயலியைப் போலவே தோற்றமளிக்கும் போலிச் செயலிகள் உண்டு. பெயரையும் தொகையையும் தட்டச்சு செய்தால் போதும், அவை “வெற்றி” என்று காட்டிவிடும். மளிகைக் கடைகளில் தொகையை உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டிகள் வந்ததன் உபயோகங்களில் ஒன்று, பிறர் போனைப் பார்த்து நம்ப வேண்டிய நிர்ப்பந்தத்திலிருந்து கடைக்காரர் விடுபட்டது. வீட்டிலிருந்து ஒரேயொரு பொருளை விற்கிற நமக்கு அந்தப் பெட்டி இல்லை. ஆகவே நம் வங்கிச் செயலியைத் திறந்து பார்ப்பது ஒன்றே வழி.

எஸ்.எம்.எஸ். செய்தியையும் சாட்சியாகக் கொள்ளக் கூடாது. வங்கியிலிருந்து வரும் செய்திக்கு மேலே ஆங்கில எழுத்துகளாலான சுருக்கப் பெயர் இருக்கும். 10 இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து “உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டது” என்று வந்தால் அது யாரோ உட்கார்ந்து எழுதி அனுப்பியது. வாசகங்கள் அச்சு அசலாக வங்கியினுடையவை போலவே இருக்கும். அதனால் வாசகத்தைப் படிக்குமுன் தலைப்பைப் பாருங்கள். தலைப்பு சரியாக இருந்தாலும் கணக்கைப் பாருங்கள்.

“கூடுதலாக அனுப்பிவிட்டேன்”

மேற்சொன்ன போலிச் செய்தியின் மேல் கட்டப்படும் இன்னொரு தந்திரம் இது. 5,000 ரூபாய்க் கட்டிலுக்கு 50,000 ரூபாய் வந்ததாக ஒரு செய்தி வரும். தொடர்ந்து அழுகிற குரலில் அழைப்பு: “ஒரு பூஜ்யம் சேர்த்துப் போட்டுட்டேன் சார், அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க, 45,000ஐ மட்டும் திருப்பி அனுப்பிடுங்க.” நேர்மையானவர்கள்தாம் இதில் சிக்குகிறார்கள், பிறர் பணம் நமக்கு எதற்கு என்ற நல்லெண்ணத்தால். கணக்கைத் திறந்து பார்த்தால் ஒரு காசும் வந்திராது.

அபூர்வமாக, பணம் மெய்யாகவே வந்திருக்கும். அப்போதும் நீங்களாகத் திருப்பி அனுப்பாதீர்கள். அது வேறெங்கோ ஏமாற்றப்பட்ட இன்னொருவரின் பணமாக இருக்கலாம். நீங்கள் அனுப்பும் கணக்கு அதன் சொந்தக்காரருடையதாக இராமலும் போகலாம். உங்கள் வங்கிக் கிளைக்கு எழுத்துமூலம் தெரிவித்து, “இது என்னுடைய பணம் அல்ல, அனுப்பிய கணக்குக்கே வங்கி வழியாகத் திருப்ப ஏற்பாடு செய்யவும்” என்று கேளுங்கள். அழைக்கிறவரிடம், “உங்கள் வங்கியில் புகார் கொடுங்கள்” என்று சொன்னால் போதும்.

திருட்டுப் பணம் உங்கள் கணக்கில் கலந்துவிட்டால், குற்றத்தை விசாரிக்கும் வெளிமாநிலப் போலீசாரின் கோரிக்கையின் பேரில் உங்கள் கணக்கு முடக்கப்படக் கூடும். நியாயமாகச் சாமானை விற்றுப் பணம் பெற்றவருக்கும் இந்தத் தொல்லை வந்ததுண்டு. வாங்க வந்தவரின் பெயரும் பணம் அனுப்பியவரின் பெயரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடிக்க வேண்டுவது இதற்காகவே. “என் நண்பர் அனுப்புவார்” என்பதை ஒப்புக்கொள்ள வேண்டாம். முடக்கம் நேர்ந்தேவிட்டால், எந்தக் காவல் நிலையம், என்ன புகார் எண் என்பதை வங்கியிடம் கேட்டு வாங்கி, விளம்பரத்தின் நகல், பேச்சு வார்த்தையின் நகல், நீங்கள் அனுப்பிய விலைச் செய்தி ஆகியவற்றை இணைத்து அந்நிலையத்துக்கு அனுப்புங்கள். மேலே, சாமான் கைமாறும் நாளுக்கான மூன்றாம் படியில் சொன்ன செய்தி அன்றைக்கு உங்களுக்குப் பத்திரமாக உதவும்.

ஏமாந்துவிட்டால்

பணம் போய்விட்டது என்று தெரிந்த கணத்திலிருந்து காலம்தான் பிரதானம். மோசக்காரன் அதை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கும் அங்கிருந்து மற்றொன்றுக்கும் மாற்றி, ஏடிஎம்மில் எடுத்துவிடுவதற்குள் வழியில் எங்காவது மறிக்க வேண்டும். யாரைத் திட்டுவது, வீட்டில் எப்படிச் சொல்வது என்ற யோசனைகளையெல்லாம் ஒத்திவைத்துவிட்டு, கீழ்க்கண்டவற்றை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. அழைப்பைத் துண்டியுங்கள். “திருப்பித் தருகிறேன்” என்ற பேச்சை ஒரு விநாடிகூடக் கேட்காதீர்கள்.

2. 1930 என்ற எண்ணை அழையுங்கள். இது இணையக் குற்றங்களில் பணம் இழந்தவர்களுக்கான தேசிய உதவி எண். பணம் போன தேதி, நேரம், தொகை, 12 இலக்கப் பரிவர்த்தனை எண், உங்கள் வங்கியின் பெயர் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அங்கே பதிவாகும் புகார், வங்கிகளை இணைக்கும் ஒரு முறையின் மூலம் பணம் சென்ற கணக்குக்குத் துரத்திக்கொண்டு போய், எஞ்சியிருக்கும் தொகையை நிறுத்தி வைக்கச் செய்கிறது. லைன் கிடைக்காவிட்டால் விடாமல் முயலுங்கள். வீட்டிலுள்ள மற்றொருவர் அதே நேரத்தில் அடுத்த படியைச் செய்யட்டும்.

3. உங்கள் வங்கியின் வாடிக்கையாளர் எண்ணை அழைத்து, யூபிஐ, இணைய வங்கி, அட்டை யாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். எண்ணை ஏடிஎம் அட்டையின் பின்புறத்திலிருந்தோ பாஸ்புக்கிலிருந்தோ எடுங்கள். கூகிளில் தேடி எடுக்காதீர்கள்: வங்கியின் பெயரில் போலி எண்களை விதைத்து வைத்து, முதல்முறை ஏமாந்தவரை இரண்டாம்முறை ஏமாற்றும் கூட்டம் அங்கே காத்திருக்கிறது. புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, பேசிய நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.

4. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற தேசியப் புகார் தளத்தில் முழு விவரத்தையும் எழுத்தில் பதியுங்கள்.

5. எதையும் அழிக்காதீர்கள். வாட்ஸ்அப் உரையாடல், அனுப்பிய அடையாள அட்டைப் படம், க்யூஆர் கோடு, அழைப்புப் பட்டியல், வங்கிச் செய்தி எல்லாவற்றையும் படமெடுத்து, வேறொருவருடைய போனுக்கும் அனுப்பி வையுங்கள். கோபத்தில் உரையாடலை நீக்கிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

6. பிறகு காவல் நிலையம். 2022 ஜனவரி 1 முதல் சேலையூர், சென்னைப் பெருநகரக் காவல்துறையின் கீழ் இல்லை. தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தின் கீழ் இருக்கிறது. சேலையூர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். ஆணையரகத்துக்குத் தனிச் சைபர் குற்றப் பிரிவும் உண்டு. குற்றவாளி வேறு மாநிலத்தில் இருக்கிறான், இது எங்கள் எல்லை இல்லை என்ற பதில் ஏற்கத்தக்கதன்று. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்ததாயினும் தகவலைப் பதிவு செய்யச் சொல்கிறது; மின்னணு முறையில் அனுப்பிய புகாரில் 3 நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும் என்றும் சொல்கிறது. ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

இனி, வங்கி பணத்தைத் திருப்பித் தருமா என்ற கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். 2017 ஜூலை 6ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியும் வாடிக்கையாளரும் செய்யாத, வேறெங்கோ நேர்ந்த பிழையால் பணம் போய், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை. ஆனால் வாடிக்கையாளரே ரகசிய எண்ணைப் பயன்படுத்தியோ வெளியிட்டோ நேர்ந்த இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரையில் அவரைச் சார்ந்தது. தெரிவித்த பிறகு நேரும் இழப்பே வங்கியைச் சார்ந்தது. க்யூஆர் மோசடியில் ரகசிய எண்ணை அழுத்தியவர் விற்கிறவரே ஆதலால், வங்கிகள் இந்தப் பிரிவைத்தான் காட்டும். ஆகவே உண்மையான நம்பிக்கை, 1930 வழியாக நடுவழியில் நிறுத்தப்பட்ட தொகையில்தான் இருக்கிறது; அதைத் திரும்பப் பெற நீதிமன்ற உத்தரவு வேண்டியிருக்கலாம், காவல் நிலையப் புகாரின் நகல் அதற்குத்தான் அவசியமாகிறது. வங்கி உங்கள் புகாரை அலட்சியம் செய்ததாகவோ, நிறுத்தச் சொன்ன பிறகும் பணத்தைப் போகவிட்டதாகவோ கருதினால், 30 நாட்கள் காத்திருந்து பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி எழுதலாம். அதற்கான விவரம் சொல்லும் இலவச எண் 14448.

எச்சரிக்கை: புகார் கொடுத்த சில நாட்களில், “உங்கள் பணத்தை மீட்டுவிட்டோம், இந்தக் கட்டணத்தைக் கட்டினால் கணக்கில் சேரும்” என்று சைபர் போலீஸ் பெயரிலோ வக்கீல் பெயரிலோ யாரேனும் அழைத்தால், அவரும் அதே குலத்தைச் சேர்ந்தவரே. காவல் துறை பணத்தை மீட்கப் பணம் கேட்பதில்லை.

விளம்பரத்தைப் பதிவேற்றும் பொத்தானை இன்று மாலை அழுத்தப்போகிற வாசகர், அதற்கு முன்பு ஒரு காகிதத்தை எடுத்து, 1930 என்ற எண்ணையும், தம் ஏடிஎம் அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள வங்கி எண்ணையும் பெரிதாக எழுதி, விற்கப்போகிற சாமானின் மேலேயே ஒட்டிவிட வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்.